கொடுங்குற்றத்துக்குச் சிறை எதற்கு: பழிவாங்கவா, திருத்தவா?

கொலை செய்தவரைச் சிறையில் அடைப்பது பழிவாங்கவா, திருத்தவா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்டு. அப்புறம், அவர் வெளியே நடமாடினால் ஆபத்து என்பதும் உண்டு. நியாயம் கிடைக்காவிட்டால் ஆளாளுக்குச் சட்டத்தைக் கையில் எடுப்பார்கள்.

‘மற்றவர்கள் பயப்படுவார்கள்’ என்ற வாதத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிக்பாக்கெட்டுக்கே தூக்கு. அதை வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்திலேயே ஜேப்படிக்காரர்கள் கைவரிசை காட்டினார்கள்! மாட்டமாட்டோம் என்று நினைப்பவனுக்குத் தூக்கும் ஒன்றுதான், ஆறு மாதமும் ஒன்றுதான்.

சரி, திருத்துவது? நார்வேயில் கொலைக்கு உச்சம் 21 ஆண்டு. 2011இல் 77 பேரைக் கொன்றவருக்கும் அதே 21தான். ஆனால் இன்னும் ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். மற்ற கைதிகள் ஒருநாள் வெளியே வந்து யாருக்கோ பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருக்கப் போகிறார்கள். அதை நினைத்தே உள்ளே தொழில் கற்றுத் தருகிறார்கள்.