அஞ்சலி வாரத்தில் விமர்சனம்

மதிப்பிற்குரிய ஐயா,

அந்தத் தலைவர் மறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் ஆட்சியின் குறைகளை வரிசைப்படுத்தி எழுதிவிட்டீர்கள். இறந்தவரைப் பற்றிக் குறை பேசாதிருப்பது நம் மரபல்லவா? இருபது ஆண்டு கழித்து வரலாறு அவரை எடைபோடட்டுமே. அதுவரை பொறுத்தால் என்ன குறைந்துவிடும்?

க.

அன்புள்ள க.,

துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு இறந்தவரின் கடன் கணக்கைப் பேசுபவனை எனக்கும் பிடிக்காது. அதனால்தான் அவருடைய நோயையோ குடும்பத்தையோ நான் தொடவில்லை. ஆனால் ஆட்சி அவர் வீட்டு விஷயம் அல்ல. அதோடு, அந்த வாரத்தில் வேறு யார்தான் பொறுத்திருந்தார்கள்? ‘ஈடு இணையற்ற நிர்வாகி’ என்பதும் தீர்ப்புதானே. புகழ்வதற்கு அன்றே அனுமதி, குறை சொல்ல மட்டும் இருபது ஆண்டு தவணை என்றால் எப்படி?

வரலாறு எடைபோடும் என்கிறீர்கள். தராசைப் பிடித்திருப்பவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். முன்னாள் பிரதமர் நரசிம்ம ராவ் 2004 டிசம்பர் 23 அன்று டெல்லியில் காலமானார். அவரே தலைவராக இருந்த காங்கிரஸ் கட்சியின் தலைமையகத்துக்கு வெளியே அவர் உடலை ஏற்றிய வண்டி நின்றது, வாசற்கதவு திறக்கவில்லை. தகனம் ஹைதராபாத்தில் நடந்தது. 2024இல் அவருக்குப் பாரத ரத்னா கொடுத்தது அவர் காலத்தில் எதிர்க்கட்சியாக இருந்த பா.ஜ.க.வின் அரசு. இடைப்பட்ட காலத்தில் 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தமும் மாறவில்லை, 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது அவர்தான் பிரதமர் என்பதும் மாறவில்லை. மாறியதெல்லாம் பேசுகிறவர்களின் தேவை.

இன்னொரு பக்கமும் உண்டு, மறுக்கவில்லை. மண்டல் குழுவின் பரிந்துரையை ஏற்று, மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடஒதுக்கீட்டை அன்றைய பிரதமர் வி.பி. சிங் அறிவித்தது 1990 ஆகஸ்டில். நவம்பரில் ஆட்சி போய்விட்டது. 2008 நவம்பர் 27 அன்று அவர் இறந்தபோது மும்பையில் பயங்கரவாதிகளின் தாக்குதல் ஓயவில்லை. நாட்டின் கண்ணெல்லாம் அங்கே இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் அவருக்குச் சிலை எழுந்தது 2023இல். அந்த அறிவிப்பால் யார் யார் வேலைக்கு வந்தார்கள், அரசியல் எப்படித் திரும்பியது என்பதையெல்லாம் 1990இல் யாரும் எழுதியிருக்க முடியாது. விளைவு தெரியக் காலம் ஆகும். அதில் உங்களோடு உடன்படுகிறேன்.

ஆனால் முடிவு எடுக்கப்பட்ட விதம் வேறு. யாரிடம் ஆலோசனை கேட்டார், கோப்பில் எந்த அதிகாரி ஆட்சேபம் எழுதினார், அதைத் தள்ளிவிட்டுக் கையெழுத்திட்டது யார் என்பதெல்லாம் இப்போது கேட்டால்தான் கிடைக்கும். தலைவர் இருக்கும்வரை வாய் திறக்காத செயலாளர் இப்போது பேசுவார். அவரும் ஓய்வுபெற்று, தனக்குச் சாதகமாக ஒரு சுயசரிதை எழுதி முடித்தபின் போய்க் கேட்டால், அதில் இருப்பதைத்தான் திரும்பச் சொல்வார். என் கட்டுரை தீர்ப்பு எழுதவில்லை. ஆணைகளையும் தேதிகளையும் வைத்தது. அவர் மனதில் என்ன இருந்தது என்று ஒரு வரிகூட ஊகிக்கவில்லை. அதைச் செய்திருந்தால் நீங்கள் கோபப்படுவது நியாயம்.

நான் விட்டுவிட்ட நல்ல காரியம் ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எந்த ஆணை, எந்த ஆண்டு, யாருக்குப் பயன்பட்டது என்று எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன். ‘மாமனிதர்’ என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம்.