சான்றிதழைப் பிடித்துவைக்கலாமா?

கேள்வி: தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்த என் மகன் விலக நினைக்கிறான். மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: மூன்றாண்டுக் கட்டணமா? நல்ல கூத்து! அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவே கூடாது என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கை. அதன்படி, சேர்க்கையின் கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் விலகினால் கட்டணத்தில் 80 சதவீதமும், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதமும் திரும்ப வர வேண்டும். அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது.

ஆகவே வாய்வார்த்தை வேண்டாம். விலகல் கடிதத்தை உடனே அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ‘முதல்வர் இல்லை, திங்கட்கிழமை வாங்கம்மா’ என்று இழுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆமாம், பையன் ஏன் விலகுகிறான் என்று கேட்டீர்களா?