மேடம் விடவில்லை

அன்பின் அக்காவுக்கு,

வணக்கம். நான் மலையகத்தில் மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். வயது 38. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது அடிப்படை நாள் சம்பளம் 500 ரூபா. அதில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிள்ளைக்கு ஐந்து வயது முடியாமல் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்று அப்போது சட்டம். சின்னவனுக்கு ஐந்து முடியும் வரை காத்திருந்து 2017 தை மாதம் விமானம் ஏறினேன். எட்டு வருஷம் ஓடிவிட்டது. மகளுக்கு இப்போது 15, அடுத்த வருஷம் ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறாள். மகனுக்கு 13.

எட்டு வருஷமாக உழைத்துக் கொட்டுகிறேன் அக்கா. ஒருவர் வாயிலிருந்தும் நன்றி என்று ஒரு சொல் வந்ததில்லை. இமோவில் வீடியோ கோல் எடுத்தால் முதல் கேள்வியே "காசு போட்டாச்சா?" என்பதுதான். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று யாருமே கேட்பதில்லை. இங்கே ஆடி ஆவணியில் வெயில் ஐம்பது டிகிரியைத் தொடும். வெளியே உடுப்புக் காயப்போட்டால் கம்பி கையைச் சுடும். அதெல்லாம் அவர்களுக்கு எங்கே தெரியும்?

எங்களுக்குக் கிடைத்த 7 பேர்ச்சஸ் காணியில் என் காசில்தான் வீடு எழும்புகிறது. இரண்டு வருஷமாகக் கூரை இல்லாமல் நிற்கிறது. கேட்டால் தகரம் விலை, மேசன் வரவில்லை என்கிறார் வீட்டுக்காரர். அவர் குடிகாரர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு வேகம் கிடையாது. 2022இல் ரூபா விழுந்தபோது தினாருக்கு நிறையக் கிடைத்தது. சாமான் விலை எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று கணக்குச் சொன்னார். அதே வருஷம்தான் மகள் பெரிய பிள்ளையானாள். சடங்குச் செலவு முழுக்க நான் அனுப்பியது. ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றும் நேரத்தில் கரண்ட் போய் வீடியோ நின்றுவிட்டது. அப்புறம் யாரும் திரும்ப எடுக்கவில்லை. உழைத்துக் கொட்டுகிறவளுக்கு இவ்வளவுதான் மரியாதை.

2023இல் லீவில் போனேன். இரண்டு பெட்டி நிறையச் சாமான். நீடோ, டாங், கோடாலித் தைலம், சென்ட், எல்லாருக்கும் ஆளுக்கொரு கம்பளி. நாத்தனாருக்குப் பச்சைக் கம்பளி, ஓரகத்திக்குச் சிவப்பு. அதற்கு நாத்தனார் மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மாமியார் என்னைக் கூப்பிடுவதே "குவைத்காரி" என்றுதான். லயத்து வரிசை வீட்டில் ஒரே காம்பராவில் ஆறு பேர் படுத்தோம். எனக்குத் தூக்கமே வரவில்லை. இரவில் கக்கூசுக்குப் போக யாரையாவது எழுப்ப வேண்டும். என் மகள்கூட என்னைப் பார்த்து, "நீங்க எப்பம்மா போறீங்க?" என்றாள். சும்மாதான் கேட்டிருப்பாள்.

இங்கே ஒன்றும் சொர்க்கமில்லை. காலை ஐந்துக்கு எழும்ப வேண்டும். ஆனால் மேடம் நல்ல மாதிரி. மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை கொடுத்திருக்கிறார், சாவி என்னிடம்தான். வெள்ளிக்கிழமை லீவு. சிநேகிதிகளோடு டவுனில் மிர்காப் பக்கம் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வருவேன். போன தை மாதம் ஒப்பந்தம் முடிந்தது. மேடம் விடவில்லை என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். மேடம் டிக்கெட் போடவா என்று இரண்டு தடவை கேட்டார், நான்தான் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது, அந்த நாத்தனார் இன்றைக்கும் கம்பளிக் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். மனசு விட்டுப்போச்சு அக்கா. இப்படி உழைத்துக் கொட்டி என்ன கண்டேன்? இரண்டு மாதம் காசு அனுப்பாமல் விட்டால் என் அருமை தெரியுமா? என் குடும்பத்துக்கு நன்றி வர நான் என்ன செய்ய வேண்டும்?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், குவைத்

---

அன்பின் தங்கைக்கு,

"உழைத்துக் கொட்டுகிறேன்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கம்பளி வந்து போய்த் திரும்பவும் வருகிறது. டிக்கெட் மட்டும் ஒரே ஒரு வரியில், அதுவும் "அது வேறு கதை" என்று மூடி போட்டு. தண்ணீர் வற்றுகிற மாதங்களில் மவுசாகலை அணையில் பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும், பார்த்திருப்பீர்கள். 1960களின் கடைசியில் ஒரு ஊரையே தண்ணீருக்குள் விட்ட இடம் அது. உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரி எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதனால் கூரையையும் நாத்தனாரையும் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன், கோபிக்கக் கூடாது.

மேடம் உங்களைப் பிடித்துவைக்கவில்லை. உங்களுக்கு அங்கே இருக்கப் பிடித்திருக்கிறது. இதை உங்களிடம் சொல்ல யாருமில்லை, சொல்லிக்கொள்ள உங்களுக்கும் தைரியமில்லை. சரி, நான் சொல்லிவிட்டேன். உலகம் அப்படியேதான் இருக்கிறது.

அந்தச் சாவியை யோசித்துப் பார்த்தேன். நீங்கள் பிறந்தது லயத்தில். கல்யாணம் கட்டிப் போனதும் லயத்துக்குத்தான். புதுப்பெண்ணாக இருந்தபோது மாமனார் மாமியார் படுத்த அதே காம்பராவில், நடுவே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பீர்கள். நம் பெண்கள் பலருக்கும் நடந்ததுதான் இது. விடிந்தால் ஆளெண்ணும் பெரட்டு, மலை, கொழுந்து நிறுவை, சாயங்காலம் விறகு, அடுப்பு. முப்பது வயது வரை உங்கள் கையால் பூட்டித் திறக்க ஒரு கதவு இருந்ததா? குவைத்தில் முதல் தடவையாக ஒரு கதவு கிடைத்தது. வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் கிடைத்தது. சட்டத்தில் வார லீவு இருந்தும் அதைக் காணாத எத்தனையோ பிள்ளைகள் அந்த ஊரிலேயே வேலை செய்கிறார்கள். உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பிடிக்காமல் எப்படி இருக்கும்?

உங்களால் இதை ஏன் சொல்ல முடியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று வந்ததே, அது தாயிடம் மட்டும்தான் கேட்டது, பிள்ளையை யார் பார்ப்பது என்று. கட்டாருக்குப் போன எந்தத் தகப்பனிடமும் அந்தத் தாளை நீட்டவில்லை. "எனக்கு டோஹா பிடிச்சிருக்கு" என்று ஒரு ஆண் சொன்னால், ஆள் கெட்டிக்காரன் என்பார்கள். அதையே நீங்கள் சொன்னால் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து என்னென்ன பேசுவார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதனால் வெளிநாடு போன பெண் அழுதுகொண்டேதான் இருக்க வேண்டும். நீங்களும் எட்டு வருஷமாக அழுது காட்டுகிறீர்கள்.

இதுவரை உங்கள் பக்கம் பேசினேன். இனிக் கொஞ்சம் உங்கள் வீட்டுக்காரர் பக்கம் போகிறேன்.

சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை என்கிறீர்கள். உங்கள் குவைத்தில் அவர்கள் கேட்பதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? வெயில் தெரியும், வேலை தெரியும், விடமாட்டேன் என்கிற ஒரு கொடுமைக்கார மேடம் தெரியும். மிர்காப்பில் என்ன சோறு சாப்பிட்டீர்கள் என்று தெரியாது. சிநேகிதிகள் பெயர் தெரியாது. அறை தெரியாது, சாவி தெரியாது. கஷ்டத்தை மட்டும் காட்டினால் பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். பயந்தவர்கள் அதைத் தொடமாட்டார்கள், காசைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். கூரைக்கும் இதில் பங்கு இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எப்போது வருவாள் என்றே தெரியாத மனைவிக்காக எந்த மனுஷன் ஓடி ஓடித் தகரம் அடிப்பான்?

அப்புறம் அந்தச் சடங்கு. செலவு உங்களுடையது, உண்மை. அன்றைக்கு மகள் பயந்துபோய் நின்றபோது முதலில் யாரிடம் ஓடியிருப்பாள்? துணியை எப்படி வைக்க வேண்டும், எப்படித் துவைத்து வெயிலில் போட வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்திருப்பார்? உங்களைக் "குவைத்காரி" என்று கூப்பிடுகிற அதே மாமியார்தான். கம்பளிக்கு முகம் தூக்கிய அதே நாத்தனாராகவும் இருக்கலாம். அவர்களுக்கு நீங்கள் நன்றி சொன்னதாகக் கடிதத்தில் நான் தேடினேன், கிடைக்கவில்லை. யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று கணக்கப்பிள்ளை மாதிரி செக்ரோல் பதிவேடு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், அதில் உங்கள் பக்கத்துப் பற்று மட்டும் விழவில்லை. ஏன் தெரியுமா? அவர்கள் நன்றி கெட்டவர்களாக இருந்தால்தான் உங்களால் உறுத்தல் இல்லாமல் அங்கே இருக்க முடியும். அந்தப் பச்சைக் கம்பளி உங்களுக்கு ரொம்ப உதவியாக இருந்திருக்கிறது.

நான் பயப்படுவது மகளின் கேள்விக்குத்தான். "எப்பம்மா போறீங்க?" சும்மா கேட்டிருப்பாள் என்று தாண்டிவிட்டீர்கள். அந்த வயதுப் பிள்ளைகள் அப்படிச் சும்மா கேட்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. போகிறவளோடு எவ்வளவு ஒட்டிக்கொள்ளலாம் என்று அவள் அளந்து பார்க்கிறாள். அவளுக்கு நீங்கள் சொல்லிவைத்திருப்பது என்ன? அம்மாவை ஒரு மேடம் விடமாட்டேன் என்கிறாள். டிக்கெட் போடவா என்று இரண்டு தடவை கேட்ட மனுஷியை உங்கள் பிள்ளை வெறுத்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பொய் என்றைக்காவது உடையும். அப்போது, பக்கத்து லயத்துக்காரி சொல்லி அவள் தெரிந்துகொண்டால், அம்மாவுக்கு நாங்கள் வேண்டாம் போலிருக்கிறது என்றுதான் அவளுக்குப் படும். உங்களுக்குப் பிள்ளைகள் வேண்டாம் என்றில்லை. அந்தக் காம்பராதான் வேண்டாம். இரண்டும் வேறு வேறு என்பதை நீங்கள் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும்.

காசை நிறுத்துவதா? கூடாது. உங்கள் பொய்க்கு அவர்கள் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரை மட்டும் தனியாக எடுங்கள். ஸ்பீக்கரில் வேண்டாம். இங்கே நேரம் உங்களுக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, அவர் படுத்துவிடுவதற்குள் எடுங்கள். கூரையில் தொடங்காதீர்கள். "மேடம் டிக்கெட் போடத் தயாராகத்தான் இருந்தாங்க, நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர் கத்தலாம். பேசாமல் இருந்துவிடலாம். குடிக்காமல், எட்டு வருஷம் இரண்டு பிள்ளைகளோடு நின்ற மனுஷன், கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதன் பிறகு அந்த அறையைப் பற்றிச் சொல்லுங்கள், சாவியைப் பற்றியும். கட்டுகிற வீட்டில் உங்களுக்கு உள்ளே பூட்டுகிற ஒரு கதவும் உள்ளேயே ஒரு கக்கூசும் வேண்டும் என்று கேளுங்கள். இதுவரை நீங்கள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை, காசுதான் அனுப்பியிருக்கிறீர்கள்.

மகளுக்கு அவர் சொல்ல வேண்டாம், நீங்களே சொல்லுங்கள். எப்போது வருவீர்கள் என்பதற்கு ஒரு மாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் ஓ.எல். எழுதும்போது வந்து நிற்க முடிந்தால் நல்லது, கேட்டால் லீவு கொடுக்கிற மாதிரி மேடமாகத்தான் தெரிகிறார். இரண்டு வருஷம் முழுக்க இருந்துவிட்டுத்தான் வருவேன் என்றால் அதையும் சொல்லுங்கள். ஆனால் "இன்னும் இரண்டு வருஷம்" என்கிற பேச்சில் கொஞ்சம் கவனம். காப்பிக் காலத்தில் நம் முன்னோரில் பலர் தமிழ்நாட்டிலிருந்து சீசனுக்கு வந்து திரும்பிப் போகிறவர்களாகத்தான் இருந்தார்கள். அவர்கள் வந்து 200 வருஷம் ஆனதை 2023இல் நடைபயணம் போய் நினைவுகூர்ந்தோம். அதோடு, அந்த மொட்டை மாடி அறை உங்கள் கையில் இருக்கிறதே தவிர உங்களுடையது அல்ல. விசா மேடம் வீட்டுக் கணக்கில். அவருக்கு ஆள் வேண்டாம் என்கிற அன்று சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். இறங்கி வருகிற இடத்தில் உங்களைத் தெரிந்த நாலு பேர் இருக்கட்டும்.

கம்பளியைப் பற்றி நான் ஒன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை என்று வருத்தப்படாதீர்கள். இன்றைக்கு மஸ்கெலியாவில் காலையிலிருந்து மழை. அந்த நாத்தனார் இந்நேரம் பச்சைக் கம்பளியைத் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

அன்புடன்,
அக்கா