கணினி கேள்வி பதில்: அப்லெட் இருந்த இடம் ஏன் வெறுமையாக நிற்கிறது?

கேள்வி: எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒரு பழைய இறுவட்டு இருக்கிறது. எளிய ஊசல், வில்லை, மின்சுற்று எல்லாவற்றையும் பக்கத்திலேயே இழுத்து ஆட்டிப் பார்க்கலாம். இப்போது திறந்தால் எழுத்து மட்டும் வருகிறது, படம் வரவேண்டிய இடம் வெறுமை. ஒரு கடையில் பழைய ஜாவாவும் பழைய உலாவியும் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். போடலாமா?
– பௌதிகவியல் ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: வேண்டாம் ரீச்சர். இறுவட்டில் பழுதில்லை, உங்கள் கணினியிலும் இல்லை, அதை ஓட்டிய ஏற்பாட்டையே உலாவிகள் கைவிட்டுவிட்டன. 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவா என்ற நிரல்மொழியை வெளியிட்டபோது பெரிதாகப் பேசப்பட்டதே இந்த அப்லெட்தான், அதாவது இணையப் பக்கத்துக்குள்ளேயே ஓடும் சின்ன ஜாவா நிரல். பக்கத்தில் அப்லெட் என்ற குறிச்சொல்லை (உலாவிக்குச் சொல்லும் கட்டளை) எழுதி, நிரல் இருக்கும் கிளாஸ் கோப்பு எது, அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று சொன்னால் உலாவி அந்த அளவில் இடம் ஒதுக்கும். ஊசலின் நீளம் போன்ற பெறுமானங்களை பராம் என்ற இன்னொரு குறிச்சொல்லால் உள்ளே அனுப்பலாம். ஆனால் நிரலை ஓட்டியது உலாவியோடு சேர்த்துப் போடும் ஜாவாச் செருகுநிரல் என்ற துணை மென்பொருள், அதிலேயோ பாதுகாப்பு ஓட்டைக்கு மேல் ஓட்டை. 2015இல் குரோம் அதைக் கைவிட்டது, 2017இல் பயர்பொக்ஸ், 2018இல் வந்த ஜாவா 11இல் செருகுநிரலே இல்லை. கடைக்காரர் போட்டுத் தரப்போவது அந்த ஓட்டைகளோடு கூடிய பழைய ஜாவாவைத்தான், அதே கணினியில்தானே பிள்ளைகள் இணையத்துக்கும் போவார்கள்.

அந்தக் குறிச்சொல்லின் திறப்புக்கும் மூடலுக்கும் நடுவே ஒரு வசனம் எழுதியிருந்தால் இன்றைய உலாவி அதையாவது காட்டியிருக்கும். எழுதியவர் அதைப் போடவில்லை, அதுதான் வெறுமை.

சரி, மாற்று என்ன? முதலில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தைப் பாருங்கள். அவர்களும் ஒரு காலத்தில் ஜாவாவில் எழுதியவர்கள்தான், பிறகு பலவற்றை, உலாவி நேரடியாகவே புரிந்துகொள்ளும் எச்டிஎம்எல்5இல் திரும்ப எழுதிவிட்டார்கள். ஊசல் இருக்கிறது, மின்சுற்று இருக்கிறது, இலவசம், சிலவற்றுக்குத் தமிழும் உண்டு. ஒருமுறை தரவிறக்கிப் பென் ட்ரைவில் வைத்தால் இணையம் இல்லாமலே வகுப்பில் ஓடும்.

அதில் கிடைக்காததை உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளை ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கள், நல்ல செயற்றிட்டமாகவும் இருக்கும். இன்றைக்கு இரண்டு குறிச்சொல் போதும்: வரைய கான்வஸ், நிரலுக்கு ஸ்கிரிப்ட். செருகுநிரல் எதுவும் தேவையில்லை, கைபேசியிலும் ஓடும், இன்றைய கைபேசிகளில் அப்லெட் ஓடாது. நீளத்தை மாற்ற ஒரு நகர்த்துபட்டி, அதற்கும் இன்புட் குறிச்சொல்லே இருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஊசலை இவ்வளவு நகர்த்து என்று எழுதினால், செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கும் மடிகணினியில் சரியாக ஆடுவது 120 முறை புதுப்பிக்கும் கைபேசியில் இரட்டை வேகத்தில் ஆடும். கடந்த நேரத்தை அளந்து, அதற்கேற்ப நகர்த்த வேண்டும். சோதிப்பது சுலபம்: 1 மீற்றர் ஊசல் ஒரு முழு அலைவுக்கு ஏறத்தாழ 2 செக்கன் எடுக்கும். அப்படி வராவிட்டால் பௌதிகத்தில் பிழையில்லை, நிரலில் பிழை.

கேள்வி: நண்பன் செய்த வினாடி வினாவை எங்கள் மாணவர் மன்றத் தளத்தில் போட இரண்டு வழி தந்தான், ஒன்று ஸ்கிரிப்ட் வரி, மற்றது ஐபிரேம் வரி. எது நல்லது?
– மாணவன், கொக்குவில்

பதில்: ஐபிரேம், தம்பி. அது வேறொரு பக்கத்தை உங்கள் பக்கத்துக்குள் தனிச் சட்டகத்தில் காட்டும். வேறொரு தளத்தின் ஸ்கிரிப்டை உங்கள் பக்கத்தில் சேர்த்தால் அது உங்கள் பக்கத்தின் சொந்தக்காரன் மாதிரித்தான் நடக்கும்: படிவத்தில் எழுதுவதை வாசிக்கலாம், பக்கத்தையே மாற்றலாம். நண்பன் நல்லவனாக இருக்கலாம், ஆனால் நாளைக்கு அவனுடைய தளத்துக்குள் வேறு யாராவது புகுந்தால்? ஐபிரேமில் வருவது வேறு தளத்திலிருந்து வந்தால் உங்கள் பக்கத்தைத் தொட முடியாது. அதோடு, உள்ளே இருப்பதைப் பூட்டி வைக்கும் சாண்ட்பொக்ஸ் என்ற பண்பைச் சேர்த்து, ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அந்த வினாடி வினாக் கோப்பை உங்கள் தளத்திலேயே வைப்பதானால் அதை உங்கள் தளத்தின் பகுதியாகவே நடத்தும் 'ஒரே மூலம்' என்ற அனுமதியையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் உள்ளே இருப்பது பூட்டைத் தானே கழற்றிவிடும்.

கேள்வி: சின்ன வயதில் விளையாடிய பிளாஷ் விளையாட்டுகளை இனி ஓட்டவே முடியாதா?
– வாசகி, நெல்லியடி

பதில்: முடியும். அடோபி 2020 டிசம்பர் 31உடன் பிளாஷ் பிளேயரை நிறுத்திவிட்டது, ஆனால் ரஃபிள் என்ற இலவச மென்பொருள் பல பழைய விளையாட்டுகளை உலாவிக்குள்ளேயே ஓட்டுகிறது. 'பிளாஷ் பிளேயர் தரவிறக்கம்' என்று இப்போதும் கண்ணில் படும் இணைப்புகளை மட்டும் சொடுக்க வேண்டாம், அவற்றில் வருவது பெரும்பாலும் வைரஸ்தான்.