கட்டிக்குக் காரணம் உடல் சூடா?

கேள்வி: என் மகனுக்கு வயது 16. முதல் வகை நீரிழிவுக்காக 9 வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறான். ஓராண்டாகத் தொடையிலும் பிட்டத்திலும் மாறி மாறிச் சீழ்க்கட்டி வருகிறது. உடல் சூடுதான் காரணம் என்கிறார் மாமியார். சென்ற முறை காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்ததால் அன்று இன்சுலினை நிறுத்திவிட்டோம். அது சரியா?
- வாசகி, விருதுநகர்

பதில்: இன்சுலினை நிறுத்தியது தவறு, அம்மா. நோய்த்தொற்றின்போது உடலில் சுரக்கும் ஹார்மோன்கள், பிள்ளை ஒரு வாய் உண்ணாவிட்டாலும் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால், அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இன்சுலின் தேவைப்படலாம். 3, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரையைப் பாருங்கள். 250-ஐத் தாண்டினால், இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலப் பொருளான கீட்டோனுக்கான சோதனையும் தேவை. வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இத்தகைய கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா. நலமாக இருப்பவர்களிலும் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரின் மூக்கினுள் இது குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரல் தொடையைச் சொறியும்போது மயிர்க்கால் வழியே உள்ளே இறங்கிவிடுகிறது. அதைத் தேடிப்போய் விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் மந்தமாகிவிடுகின்றன. பருவ வயதின் ஹார்மோன்கள் இன்சுலினின் பலனைக் குறைப்பதால், முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதாமலும் இருக்கலாம். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். மாமியார் சொல்வதையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. வெயில்கால வியர்வையும் இறுக்கமான ஜீன்ஸின் உராய்வும் கிருமிக்கு வழி திறந்துவிடுபவையே.

கட்டியைப் பிதுக்கவோ, சுண்ணாம்பு தடவவோ வேண்டாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், தோல் சுடாத அளவில், நாளுக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுக்கலாம். பழுத்த கட்டியை மருத்துவர்தான் கீறிவிட வேண்டும். திரும்பத் திரும்ப வருவதால் சீழைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அதில் தெரியும். மூக்கில் தடவும் களிம்பு தேவையா என்பதையும் அவரே முடிவுசெய்வார். வீடு முழுவதற்கும் ஒரே துண்டு என்ற வழக்கம் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். பல கண்கள் வைத்துப் பரந்து வீங்கினால் அது ராஜபிளவை. அதற்கு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கட்டி ஆறும்வரை அந்தத் தொடையில் இன்சுலின் போடாமல், வயிற்றுப் பகுதிக்கு மாற்றிக்கொள்ளட்டும்.