படகோட்டியை ராஜகுமாரன் ஆக்கிவிடாதீர்கள்

வணக்கம். உங்கள் மாயக்கதையைப் படித்தவர்களுக்கு, குறி சொன்னபடி பிறந்த இளவரசனைவிட அவனை அக்கரை சேர்க்கும் படகோட்டியைத்தான் பிடித்திருக்கிறது, அதனால் கடைசியில் அவனும் அரச ரத்தம்தான் என்று முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க.

பொன்னியின் செல்வனில் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன் அரச வாரிசு ஆகிறானே என்பீர்கள் (இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்க!). கதையில் அவன்தான் உத்தம சோழன். உத்தம சோழன் அரியணை ஏறியது வரலாறு. கல்கி எப்படியும் அங்கே வந்து சேர்ந்தாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லையே.

1954-55ல் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலைப் பாருங்கள். அரச வாரிசான அரகார்ன் எதிரியின் வாசலுக்கே படையோடு போகிறான். எதற்கு? அந்த எதிரியான, இருளின் அதிபதி சாரோனின் கண்ணை வேறு பக்கம் திருப்ப. அந்த நேரத்தில் தோட்டக்காரன் சாம், சாரோனின் மோதிரத்தை அழிக்க வந்து, நடக்க முடியாமல் போன தன் எஜமான் ஃப்ரோடோவை முதுகில் தூக்கிக்கொண்டு மலையேறுகிறான். அதற்குச் சற்று முன்னால், சுமையைக் குறைக்க, அத்தனை தூரம் சுமந்துவந்த சமையல் பாத்திரங்களைப் பள்ளத்தில் போடுகிறான். அவை உருளும் சத்தம் அவனுக்குச் சாவுமணி மாதிரி கேட்கிறது. எனக்கு அந்த நாவலில் பெரிய போர்களைவிட அந்தச் சட்டிதான் நினைவில் நிற்கிறது.

உங்கள் படகோட்டிக்கும் அப்படி ஒரு சட்டி வேண்டும். அப்பா செதுக்கிய துடுப்பாக இருக்கட்டும். சுழி எங்கே என்று அவனுக்குத்தான் தெரியும், இளவரசனுக்குத் தெரியாது. கடைசி அத்தியாயத்தை அந்தச் சுழியில் வைத்து எழுதிப் பாருங்கள்.