வாகைக் கட்டையைப் பிளக்க எந்த பிளேடு?

அண்ணே, மண்டபம் ஊரில் வள்ளத்துக்குப் பலகை எடுக்க 14 அங்குலச் சக்கரம் உள்ள பேண்ட்சாவில் (வளையமாக ஓடும் பட்டை ரம்ப மெஷின்) 7 அங்குல உயர வாகையைப் பிளக்கிறீர்கள். பிளேடு நடுவில் வயிறு தள்ளுது, கருகல் வாடை வருது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போட்டிருப்பது அங்குலத்துக்கு 10 பல் உள்ள பிளேடு. அங்கேதான் கோளாறு.

பல் நெருங்கினால் இடையில் உள்ள குழி சின்னதாகிவிடும். 7 அங்குல மரத்தைக் கடப்பதற்குள் அதில் தூள் அடைத்துக்கொள்கிறது. அப்புறம் பல் வெட்டாது, தேய்க்கும், சூடேறும், வளையும். அங்குலத்துக்கு 3 பல், முன்பக்கம் கொக்கி போலச் சாய்ந்த பல்லாகப் பார்த்து வாங்குங்கள். அகலம் அரை அங்குலம் போதும். முக்கால் அங்குலம் வாங்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்: 14 அங்குல மெஷினில் பெரும்பாலும் அதற்குத் தேவையான டென்ஷன் (பிளேடை இழுத்துப் பிடிக்கும் விறைப்பு) ஏறாது. தடிமன் 0.6 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும்.

மேல் கைடை (பிளேடு விலகாமல் பிடிக்கும் பாகம்) மரத்துக்குக் கால் அங்குலம் மேலே இறக்கி வையுங்கள். அவசரமாகத் தள்ள வேண்டாம்; பிளேடு இழுக்கிற வேகத்துக்கு விடுங்கள். பழைய வள்ளத்துப் பலகை என்றால் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். செம்பு ஆணி காந்தத்தில் ஒட்டாது, அதைக் கண்ணால் தேடிப் பாருங்கள்.

நம்ம உப்புக்காற்றில் பிளேடு சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்தி, எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள். வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும், மாஸ்க் கட்டாயம்.

புது பிளேடிலும் ஒரு பக்கமாக ஓடினால் ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ளும் தடுப்புப் பட்டை) இருக்கும் கோணத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.